மூன்றாவது விளக்கு

வண்டிவீட்டின் குளியலறைக் கதவை ஒட்டி, கண் மட்டத்தில், சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பலகை இருந்தது. அதில் ஒரு பொத்தான், மூன்று விளக்குகள். பொத்தானை அழுத்தினால், வண்டிக்கு அடியில் இருக்கும் கழிப்பறைத் தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று விளக்குகள் சொல்லும். ஒன்று எரிந்தால் கவலை இல்லை. இரண்டு எரிந்தால் யோசிக்க வேண்டும். மூன்றும் எரிந்தால் அதற்கப்புறம் யாரும் உள்ளே போகக் கூடாது.

ஆர்டிஸ் காலையில் எழுந்ததும், காபிக்கு முன்னால், அந்தப் பொத்தானைத்தான் அழுத்துவாள்.

கணவர் டெல்பர்ட் இருந்தவரை அவள் அதைத் தொட்டதே இல்லை. தொட்டிகள் அவர் பாடு. சமையலும் வழி பார்ப்பதும் அவள் பாடு. வடக்கு டக்கோட்டாவில் வீட்டை விற்றுவிட்டு இந்த வண்டிவீட்டில் ஏறிய அன்றே அப்படிப் பிரித்துக்கொண்டார்கள். கோடைக்கு வடக்கே போவார்கள். குளிர்காலத்துக்கு அரிசோனாப் பாலைவனத்துக்கு வந்துவிடுவார்கள். போன வசந்தத்தில் ஒரு நாள் டெல்பர்ட் ஷூ போடுவதற்காகப் படியில் உட்கார்ந்தார். ஒரு ஷூவைப் போட்டார். அவ்வளவுதான்.

வண்டியை விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். மகள் மாரிட் எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னாள். "எழுபது வயசுல, தனியா, இவ்ளோ நீள வண்டிய ஓட்டிட்டு எங்கம்மா போவ?" ஆர்டிஸ் காலியான ஒரு சர்ச் மைதானத்தில் பிளாஸ்டிக் கூம்புகளை வைத்துக்கொண்டு கோடை முழுக்க ஓட்டிப் பழகினாள். குளிர் வந்ததும் தனியாகவே தெற்கே ஓட்டி வந்துவிட்டாள்.

ஓட்டுவது வந்துவிட்டது. வராமல் இருந்தது ஒன்றுதான், கழிவைக் கொட்டுவது.

அவர்கள் நிற்கும் பாலைவனத்தில் குழாயும் கிடையாது, சாக்கடையும் கிடையாது. தொட்டி நிறைந்தால் நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கும் கொட்டுமிடத்துக்கு வண்டியையே ஓட்டிப் போக வேண்டும். அதற்கு முன் பந்தலைச் சுருட்ட வேண்டும், நாற்காலிகளை மடக்க வேண்டும், அலமாரிகளைத் தாழிட வேண்டும், சக்கரத்துக்கு அடியில் செருகிய கட்டைகளை எடுக்க வேண்டும். அது போகட்டும். அங்கே போனால் தரையில் இருக்கும் ஓட்டைக்கு நேராக வண்டியின் வாலைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வரிசையில் நிற்கும் மற்ற வண்டிக்காரர்கள் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சைக்கு மார்க் போடுகிறவர்களைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் குளிர்காலத்தில் ஆர்டிஸ் ஒரே ஒருமுறை போனாள். ஓட்டையைத் தாண்டி நிறுத்திவிட்டாள். பின்னால் நின்ற ஓர் ஆள், "குழாய நீட்டு, இல்லேன்னா ஓட்டைய நகத்து" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அதிலிருந்து அவள் அந்த நாளைத் தள்ளிப்போடுவதையே ஒரு வித்தையாகக் கற்றுக்கொண்டாள்.

தண்ணீரைக் கொஞ்சமாகத்தான் விட வேண்டும் என்று தானாக ஒரு விதி போட்டுக்கொண்டாள். கழிப்பறை மிதிகட்டையை மிதித்து, ஒன்று, இரண்டு என்று எண்ணி, காலை எடுத்துவிடுவாள். தண்ணீர் குறைந்தால் தொட்டி மெதுவாகத்தானே நிரம்பும்? கணக்கு சரியாகத்தான் தெரிந்தது. ஆனாலும் விளக்குகள் சீக்கிரம் சீக்கிரமாக ஏறின. அப்போது இன்னும் சிக்கனம் வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

ஜனவரிக் கடைசியில் மாரிட் ஃபோனில் கூப்பிட்டு, புதன்கிழமை வருவதாகவும் ஞாயிறுவரை இருப்பதாகவும் சொன்னாள். அவள் கணவன் இவானுக்கு லீவு இல்லையாம், தனியாகத்தான் வருகிறாள்.

"என்ன திடீர்னு?"

"உன்னப் பாக்கத்தாம்மா. அம்மாவப் பாக்க வரக் கூடாதா?"

உளவு பார்க்க வருகிறாள் என்று ஆர்டிஸ் நினைத்தாள். அம்மாவால் முடியவில்லை என்று பார்த்துவிட்டுப் போய், வண்டியை விற்கிற பேச்சை மறுபடி எடுப்பாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்ட வேண்டும். அந்த எண்ணம் ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது. பொத்தானை அழுத்திப் பார்த்தாள். இரண்டு விளக்குகள். மகள் வருவதற்கு முன்னால் போய்க் கொட்டிவிட்டு வந்திருக்கலாம். நேரம் இருந்தது. காற்று அடிக்கிறது என்று ஒருநாள் தள்ளினாள். வரிசை நீளமாக இருக்கும் என்று இன்னொரு நாள் தள்ளினாள். மாரிட்டின் வாடகைக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றபோதும் இரண்டு விளக்குகள்தான் எரிந்தன. இரண்டு போதும், தாங்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

மாரிட் இறங்கி வந்து கட்டிக்கொண்டாள். வழக்கத்தைவிட நீளமாகக் கட்டிக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. விமானத்தில் தூங்கவில்லை போலிருக்கிறது என்று ஆர்டிஸ் நினைத்துக்கொண்டாள். பையை உள்ளே வைத்த கையோடு விதிகளைச் சொல்லத் தொடங்கினாள்.

"தட்டெல்லாம் காகிதம்தான், கழுவ வேண்டாம். குளிக்கறப்ப நனைச்சுக்கோ, குழாய மூடு, சோப்பு போடு, மறுபடி திற. கழிப்பறைல மிதிகட்டைய மிதிச்சு ரெண்டு எண்ணு, கால எடுத்துரு."

"நான் பட்டாளத்துல சேந்துட்டனாம்மா?"

"சிரி, சிரி. உங்கப்பா இருந்தா இன்னும் கண்டிப்பா இருந்திருப்பாரு."

"அப்பாவா? அப்பா மிதிச்சா லேசுல கால எடுக்க மாட்டாரே. அந்தத் தண்ணி மோட்டார் சத்தத்துல நான் முழிச்சுக்குவேன்."

ஆர்டிஸுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. செத்துப்போனவரைப் பற்றி மகளுக்கு ஏதோ ஒன்று தன்னைவிட நன்றாகத் தெரிந்திருப்பது போல இருந்தது. "அது அப்ப" என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் மாரிட் மூன்றுமுறை உள்ளே போய்வந்தாள். மாரிட் மிதிகட்டையை மிதிக்கும்போதெல்லாம் தண்ணீர் மோட்டார் உறுமும். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆர்டிஸ் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். ஒன்று, இரண்டு. சில சமயம் மூன்று.

"சின்ன வயசுல இருந்த மாதிரியேதான் இருக்க. கார்ல கெளம்பினா ஒரு பெட்ரோல் பங்க்கு விடாம நிறுத்தணும்."

"ஆமாம்மா" என்று மாரிட் சிரித்தாள். இன்னும் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் பக்கத்து வண்டி ரமோனா, கையில் பிஸ்கட் டப்பாவோடு வந்துவிட்டாள்.

ரமோனாவுக்கு ஆர்டிஸ் வயதுதான் இருக்கும். நாலு பிள்ளை பெற்றவள். சத்தமாகப் பேசுவாள். அவளும் அவள் கணவன் ஹாங்க்கும் எட்டு வருடமாக இதே இடத்துக்கு வருகிறார்கள். நாலு மணிக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு வெயில் இறங்கும்வரை ஆளுக்கொரு கோப்பை ஒயினோடு உட்கார்ந்திருப்பது அங்கே வழக்கம். பேச்சு எங்கே தொடங்கினாலும் தொட்டியில்தான் வந்து முடியும். யார் எத்தனை நாள் தாக்குப்பிடித்தார்கள் என்பதில் எல்லோருக்கும் பெருமை.

மாரிட் ஒயின் வேண்டாம் என்றாள். தண்ணீரையும் உதடு நனையும் அளவுக்குத்தான் குடித்தாள். ஆர்டிஸ் அதைக் கவனித்தாள். நல்லது, ஒரு கோப்பை குறைந்தது என்று நினைத்தாள். பிற்பாடு அந்த ஒரு நினைப்பு மட்டும் அவளை விடவில்லை. நல்லது என்று நினைத்தாளே!

மறுநாள் மதியம் மூன்றாவது விளக்கு எரிந்தது.

ஆர்டிஸ் பொத்தானை மறுபடி அழுத்தினாள். மறுபடியும் மூன்று.  வண்டி வாங்கிய முதல் வருடம் ஒருமுறை தொட்டி பொங்கி மேலே வந்திருந்தது. குளியலறை விரிப்பு, கட்டிலடி, ஒரு ஜோடிச் செருப்பு, எல்லாவற்றையும் தூக்கியெறிய வேண்டியிருந்தது. மாரிட் அப்போது கூட இருந்தாள். வருடா வருடம் நன்றி நாள் விருந்தில் அந்தக் கதையைச் சொல்லி மேசையையே சிரிக்கவைப்பாள். இந்த வருடமும் சொல்ல ஒரு கதை கிடைத்துவிடக் கூடாது.

"மாரிட், தொட்டி நெறஞ்சிருச்சு. இனிமே அந்தப் பொதுக் கழிப்பறைக்குத்தான் போகணும். அதோ, அந்த மேட்டுக்குப் பின்னால. பத்து நிமிஷ நடைதான்."

மாரிட் மேட்டைப் பார்த்தாள். "ஒவ்வொரு தடவையுமா?"

"வேற என்ன பண்றது?"

"போய்க் கொட்டிட்டு வந்துரலாமே. நானும் வர்றேன். ரெண்டு பேருமா பண்ணலாம்."

நாற்காலியில் இருந்த ரமோனா குறுக்கே வந்தாள். "எதுக்கு வண்டியக் கெளப்பணும்? எங்ககிட்டச் சக்கரம் வெச்ச சின்னத் தொட்டி இருக்கு. அதுல எறக்கி, கார்ல கட்டி இழுத்துட்டுப் போய் ஹாங்க் கொட்டிட்டு வந்துருவான். அவனுக்கும் வேற சோலி இல்ல."

"ஏன் இல்ல? தூங்கணும்ல" என்றார் ஹாங்க், தொப்பிக்கு அடியிலிருந்து.

மகள் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆர்டிஸுக்குத் தெரிந்தது. "வேண்டாம் ரமோனா. என் வண்டிய நான் பாத்துக்கறேன். திங்கக்கெழம போகணும்னு ஏற்கெனவே முடிவு பண்ணி வெச்சிருக்கேன்."

திங்கட்கிழமை மாரிட் இருக்கமாட்டாள். மற்றவர்கள் சிரித்தது போதாதென்று, ஓட்டையைத் தாண்டி நிறுத்துவதை மகளும் பார்க்க வேண்டாம். ஆர்டிஸ் அப்படி வெளிப்படையாக நினைக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை என்று வாய் தானாகச் சொன்னது.

மாரிட் மேட்டுக்கு நடந்தாள். திரும்பி வந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி நடந்தாள். ஜனவரி என்றாலும் நடுப்பகல் வெயில் கண்ணைக் கூசவைத்தது. மூன்றாவது முறை அவள் திரும்பி வர நேரமானது. ரமோனா வண்டியிலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டது. அங்கே என்ன சிரிப்பு என்று ஆர்டிஸுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

சாயங்காலம் அம்மாவும் மகளும் சாப்பிட்டார்கள். கொத்துக்கறியும் பட்டாணியும் போட்டு, மேலே உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்டது, மாரிட்டுக்குச் சிறு வயதிலிருந்து பிடித்தது. அவள் முள்கரண்டியால் ஓரத்தைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, ஜூலைல நீ எங்க இருப்ப?"

"ஜூலைலயா? ஏரிக்கரைல இடம் சொல்லி வெச்சிருக்கேன். ஏன்?"

"இல்ல, ஜூலைல..."

அப்போது வண்டிக்கு அடியில் ஏதோ களக் என்றது. ஆர்டிஸ் எழுந்துவிட்டாள். போய்ப் பொத்தானை அழுத்தினாள். மண்டியிட்டுக் குளியலறைத் தரையைத் தடவிப் பார்த்தாள். ஈரம் இல்லை. கழிப்பறைக் கிண்ணத்தின் மூடியைத் தூக்கி முகர்ந்தாள். வெளியே போய் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். எல்லாம் முடித்துக் கைகழுவ மனம் வராமல் ஈரத்தாளில் துடைத்துக்கொண்டு வந்தபோது மாரிட் தட்டுகளைக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லிட்டிருந்த?"

"ஒண்ணும் இல்லம்மா. நாளைக்குச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலையில் ஆர்டிஸ் மோட்டார் சத்தத்தில் விழித்தாள். சத்தம் நிற்கவே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவள் போர்வையை உதறிவிட்டு ஓடிக் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"போதும்! கால எடு! தொட்டி தாங்காது!"

உள்ளே மாரிட் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. மோட்டார் நின்றது. மறுபடி உறுமியது.

"மாரிட்! பொங்கிடும்டி!"

கதவு திறந்தது. மாரிட்டின் முகம் ஈரமாக இருந்தது. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"என்ன, ராத்திரி சாப்பாடு ஒத்துக்கலயா?"

மாரிட் அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். காத்திருப்பது போன்ற பார்வை. இன்னும் ஒரு கேள்வியை எதிர்பார்ப்பது போல.

ஆர்டிஸ் கழுவுதொட்டிக்கு அடியிலிருந்து நீல பிளாஸ்டிக் வாளியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "மறுபடி வந்தா இதுல எடு. கொண்டுபோய் வெளிய கொட்டிக்கலாம்."

மாரிட் வாளியை வாங்கிக்கொண்டாள். அதன் அடியை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டு, பையை எடுத்துத் துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

"என்ன பண்ற?"

"வேற ஃப்ளைட் இருக்கானு பாக்கறேன். உடம்பு சரியில்லம்மா. என் கட்டில்ல படுக்கணும் போல இருக்கு."

"ஞாயித்துக்கெழமதானே..."

"உனக்கும் தொட்டிக்கும் லேசா இருக்கும்."

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆர்டிஸும் பாதி சிரித்தாள். கார் போனதும் புழுதி அடங்க நேரமானது. உள்ளே வந்ததும் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். அவளுக்கு வந்த முதல் உணர்வு நிம்மதிதான். பொங்கவில்லை.

திங்கட்கிழமை சொன்னபடியே கிளம்பினாள். தாங்கள் விட்டுப்போகிற இடத்தை வேறு யாரும் பிடித்துவிடாமல் இருக்க நாற்காலியையோ வாளியையோ வைத்துவிட்டுப் போவார்கள். ஆர்டிஸ் நீல வாளியை வைத்துவிட்டுப் போனாள். ரமோனா துணைக்கு ஏறிக்கொண்டாள்.

கொட்டுமிடத்தில் கூட்டம் இல்லை. ரமோனா கீழே நின்று கையை ஆட்டினாள். "வா, வா, வா, இன்னும் கொஞ்சம், நில்லு! அவ்ளோதான். இதுக்கா இத்தன நாள் பயந்த?" வண்டி ஓட்டைக்கு நேராக நின்றது. ஒரே முயற்சியில். அவ்வளவு சுலபமாக நின்றதே ஆர்டிஸுக்கு என்னவோ போலிருந்தது.

கையுறை மாட்டிக்கொண்டு குழாயைப் பொருத்தினாள். குழாய் தொடங்கும் இடத்தில், என்ன போகிறது என்று தெரிவதற்காகக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளைவு உண்டு. தொட்டியைத் திறக்கும் கறுப்புப் பிடியை இழுத்தாள். குபுக்கென்று வந்தது. வளைவு இருண்டது. உடனே தெளிந்துவிட்டது. ஒழுகியது. சொட்டியது.

"அவ்ளோதானா?" என்றாள் ரமோனா.

"அடச்சிருக்கும். முழுசா நெறஞ்சிருக்கு. மூணு விளக்கும் எரியுது."

"டார்ச் எங்க?"

டார்ச் சமையலறை இழுப்பறையில் இருந்தது. முன்பு குளியலறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் போனால் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று ஆர்டிஸ்தான் அதை இழுப்பறைக்கு மாற்றியிருந்தாள். ரமோனா கழிப்பறைக்குள் போய், மிதிகட்டையை அழுத்திப் பிடித்து, துளைக்குள் வெளிச்சம் அடித்தாள்.

"வந்து பாரு."

ஆர்டிஸ் குனிந்து பார்த்தாள். தொட்டியின் அடி தெரிந்தது. சுவர் ஓரமாகக் காகிதம் காய்ந்து அப்பிக்கிடந்தது. வேறொன்றும் இல்லை.

"அடப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கால் தொட்டிகூட இருந்திருக்காது" என்றாள் ரமோனா. "இப்ப பொத்தான அழுத்து."

ஆர்டிஸ் அழுத்தினாள். மூன்று விளக்குகள்.

"இந்த விளக்க யாரு நம்புவா? தொட்டிச் சுவத்துல சின்னச் சின்ன ஆணி இருக்கும், அதுல தண்ணி தொட்டா விளக்கு எரியும். ஈரக் காகிதம் ஒட்டினாலும் எரியும். தண்ணிய நெறைய விட்டா காகிதம் அடிச்சுட்டுப் போயிரும். நீ எவ்ளோ விடற?"

"ரெண்டு எண்ற வரைக்கும்."

"அடக் கடவுளே, ரெண்டா? அதான் ஒட்டிக்கிச்சு. விளக்கு பொய் சொல்லும் ஆர்டிஸ், ஒரு வருஷம் ஆனா எல்லா வண்டிலயும் பொய்தான் சொல்லும். டார்ச்ச அடிச்சு எட்டிப் பாக்கணும். டெல்பர்ட் அதத்தானே பண்ணுவான்."

"எனக்குத் தெரியாது."

"தெரியாதா? அவன் சொல்லியிருப்பான்னுதான் நாங்கல்லாம்..." ரமோனா டார்ச்சை அணைத்தாள். தலையை ஆட்டினாள். "பாவம் அந்தப் பொண்ணு. மசக்கையோட அந்த மேட்டுக்கும் இங்கயும் நடந்து நடந்து. முடியாம எங்க வண்டிக்கு வந்துச்சு. நான் பிஸ்கட் குடுத்தேன். மூஞ்சியப் பாத்ததுமே, எத்தன மாசம்னு கேட்டுட்டேன். சிரிச்சுட்டா."

குளியலறை மிகச் சிறியது. இரண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும். ரமோனா நிமிர்ந்து ஆர்டிஸின் முகத்தைப் பார்த்தாள்.

"உன்கிட்டச் சொல்லலயா?"

ஆர்டிஸ் கழிப்பறை மூடியை மெதுவாக மூடினாள்.

"ராத்திரியே அம்மாகிட்டச் சொல்லப்போறேன்னாளே. அதுக்குத்தான் வந்தேன்னாளே."

ரமோனா அவள் கையைப் பிடிக்க வந்தாள். கையுறை இன்னும் மாட்டியிருந்தது. ஆர்டிஸ் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

இதற்கு முன் இரண்டுமுறை மாரிட்டுக்குத் தரித்து, தங்காமல் போயிருந்தது. இரண்டுமுறையும் முதல் வாரத்திலேயே ஃபோனில் கத்திச் சொன்னாள். பிறகு இரண்டுமுறையும் ஃபோனில் சத்தமே இல்லாமல் சொன்னாள். அதற்கப்புறம் ஆர்டிஸ் கேட்பதை விட்டுவிட்டாள். இந்தமுறை மகள் மூன்று மாதம் பொறுத்திருந்து, விமானம் ஏறி, நேரில் சொல்ல வந்திருக்கிறாள். வெளுத்த முகம், வேண்டாத ஒயின், நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றுக்கு, காலை வாந்தி. தெருவில் போகிறவள்கூடக் கண்டுபிடித்திருப்பாள். ரமோனா ஒரே பார்வையில் கண்டுபிடித்தாள். பெற்றவள் மோட்டார் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சமையல், குளியல் கழிவுநீர் சேரும் தொட்டியையும் திறந்து குழாயை அலசிவிட்டாள். நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் வரிசை மாறாமல் செய்தாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ரமோனா காதில் விழாத தூரத்துக்கு நடந்துபோய் ஃபோன் செய்தாள்.

"சொல்லும்மா."

"ரமோனாவத் திட்டாத. எனக்குத் தெரியும்னு நெனச்சு வாய் தவறிச் சொல்லிட்டா."

 "சரி" என்றாள் மாரிட்.

"உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. இப்ப வாந்தி கொறஞ்சிருக்கு."

"ஜூலையா?"

"ஜூலை நடுவுல."

"நான் வர்றேன் மாரிட். ஏரிக்கரையெல்லாம் விட்டுத்தள்ளு. ஜூன்லயே வந்துடறேன்."

 லாரி ஒன்று நெடுஞ்சாலையில் கடந்து போனது. அதன் சத்தம் ஓய்ந்த பிறகுதான் மாரிட் பேசினாள்.

"அதக் கேக்கத்தாம்மா வந்தேன். பொறக்கறப்ப நீ கூட இருக்கியான்னு." அவள் குரல் அமைதியாக இருந்தது. "லோயிஸ்கிட்டக் கேட்டுட்டேன். சனிக்கெழமையே கேட்டுட்டேன். அவங்களும் சரின்னு லீவு சொல்லிட்டாங்க. இப்ப போய் வேண்டாம்னு சொல்ல முடியாது."

லோயிஸ் இவானின் அம்மா. நல்லவள். ஆர்டிஸால் அவளைப் பற்றி ஒரு குறைகூட யோசிக்க முடியவில்லை.

"அவங்க இருக்கட்டும். எனக்கு ரூம்கூட வேண்டாம். வண்டி இருக்கே, உன் வீட்டு வாசல்லயே போட்டுக்கறேன். உனக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

"வண்டி வேண்டாம்மா."

உடனே சொன்னாள். கோபம் இல்லாமல் சொன்னாள். பசியில்லை என்று சொல்வது போல.

"ஆகஸ்ட்ல வா. லோயிஸ் போனதுக்கப்பறம். ரூம் இருக்கும். ஃப்ளைட்ல வா."

"சரி."

"திங்கக்கெழம கொட்டணும்னியே. கொட்டிட்டியா?"

"இப்பத்தான்."

"பொங்காமத் தப்பிச்சிதா? ரொம்ப நெறஞ்சிருந்துச்சா?"

ஆர்டிஸ் வண்டியைப் பார்த்தாள். ரமோனா படியில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தளும்பிக்கொண்டிருந்தது, இன்னொருமுறை மிதித்திருந்தால் போயிருக்கும் என்றால் மகள் நம்புவாள். அந்த மூன்று நாட்களுக்கும் ஒரு காரணமாவது மிஞ்சும்.

"இல்ல" என்றாள். "காலியாத்தான் இருந்துச்சு. விளக்குதான் தப்பாக் காட்டியிருக்கு."

ஆர்டிஸ் ஒரு கையில் இன்னும் மாட்டியிருந்த கையுறையைக் கழற்ற முயன்றாள். விரல் நுனியில் அது சிக்கிக்கொண்டது.

"காலியாவா?"

"ஆமா."

"சரிம்மா" என்றாள் மாரிட். கொஞ்சம் கழித்து மறுபடியும், "சரிம்மா." அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "எனக்கு வேலை இருக்கு. அப்பறம் பேசறேன்."

திரும்பும் வழியில் ரமோனா வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தாள். ஒரே ஒருமுறை, "ஐஸ் கட்டி ரெண்டு மூட்டை வாங்கித் தொட்டிக்குள்ள கொட்டி, மேடு பள்ளத்துல ஓட்டினா உருண்டு உருண்டு சுத்தமாயிரும்பாங்க. ஹாங்க் பண்ணுவான். சில சமயம் விளக்கு சரியாகும்" என்றாள்.

"சரியாகி?" என்றாள் ஆர்டிஸ்.

ரமோனா கையை அவள் தோளில் வைத்தாள். இந்தமுறை அவள் விலகவில்லை.

அவர்கள் இடம் அப்படியே இருந்தது. பரந்த வெட்டவெளியில், சக்கரத் தடங்களுக்கு நடுவே, நீல வாளி தனியாக நின்றது. காற்றுக்குக்கூட நகரவில்லை. ஆர்டிஸ் அதை ஒட்டி வண்டியை நிறுத்தினாள். கட்டைகளைச் செருகினாள். பந்தலைப் பிரிக்கவில்லை.

வாளியை உள்ளே எடுத்துவந்து, குழாயடியில் வைத்து, திறந்துவிட்டாள். நிறையும்வரை மூடவில்லை. தூக்கிக்கொண்டு போய், மிதிகட்டையை அழுத்தி, கழிப்பறைக்குள் ஒரே மூச்சில் ஊற்றினாள். தண்ணீர் தொட்டியின் அடியில் அடித்து, சுவர்களில் மோதி, நெடுநேரம் அலம்பும் சத்தம் கேட்டது. டெல்பர்ட் காலத்தில் படுக்கையிலிருந்து கேட்ட சத்தம். மாரிட்டும் கேட்டிருக்கிறாள்.

கை பழக்கத்தில் பொத்தானுக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி குழாயடிக்குப் போனாள்.